சீர்வரிசைக்கு வந்த சிவப்புக் கார்

எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பம் பலகை கிடக்கிறது. ஒரு முனை நல்ல தடிப்பு. மறுமுனை வரவரச் சன்னமாகித் தரையோடு தரையாக முடியும். வழுக்காமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்திருக்கிறது. மழை பெய்தால் அந்த இடம் சேறாகிவிடும் என்று அங்கே போட்டு வைத்தேன். வீட்டுக்கு வருகிற யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு இத்தாலிக் காரின் சக்கரம் ஏறி இறங்கிய பலகை இது என்று சொன்னால், டீச்சருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்பார்கள். போன மாதம் வரைக்கும் தினமும் காலையில் அதில் கால் வைத்துத்தான் துவைக்கப் போனேன். கால் வைக்கும்போதெல்லாம் என் அண்ணன் முதுகில் மிதிப்பது போலவே இருக்கும். எடுத்து அடுப்பில் வைத்துவிடலாம்தான். மனசு வரவில்லை.

அண்ணன் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் மேனேஜர். சொந்தமாக வைத்திருப்பது ஒரு பழைய சின்னக் கார், அதுவும் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். ஆனால் உலகத்தில் எந்த மூலையில் எவன் புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தாலும், அதில் இன்ஜின் முன்னால் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா, அதை ஏன் அங்கே வைத்தான், வைத்தது சரியா தப்பா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தால் போதாது, சொல்லியாக வேண்டும். அதற்காகவே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், துபாய் என்று போன பையன்கள்தான் அதில் நிறைய. அங்கே ரோட்டோரம் நிற்கிற காரைப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு ஒரு வாய்ஸ் நோட் போடுவார். பின்னால் ஐஸ் பிளான்ட் கம்ப்ரசர் 'தடதட' என்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் குரலை உயர்த்தி, "தம்பிகளா" என்று ஆரம்பிப்பார். கடலுக்குப் போன படகு இலங்கை நேவியிடம் பிடிபட்ட வாரங்களில் மட்டும் பேச மாட்டார். ஊரே வாயடைத்துக் கிடக்கும்போது காரைப் பற்றிப் பேச அவருக்கு வராது. மற்றபடி மழை, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரும் அந்தக் குரூப்பில்தான் இருந்தார். அங்கே எல்லோருக்கும் என் அண்ணன்தான் 'கார் அண்ணன்'.

அவருடைய கருத்துகள் எனக்கு மனப்பாடம். ஆசைப்பட்டுக் கேட்டதில்லை, காதில் விழுந்து விழுந்தே மனப்பாடம் ஆனது. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுறவனுக்கு, சூப்பர் கார் பாக்குறவனுக்கு. இதுதான் அவருடைய முதல் சட்டம். எடையைக் குறைத்தவன் இன்ஜினியர், குதிரைசக்தியைக் கூட்டியவன் வியாபாரி. கியர் கம்பி இல்லாத வண்டியை நாம் ஓட்டுவதில்லை, அதுதான் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. சத்தமில்லாத பேட்டரி சூப்பர் கார் எவ்வளவு வேகம் போனாலும் அது லிஃப்ட்டில் போவது மாதிரிதான், வந்து சேரலாம், வந்தோம் என்று இருக்காது. கதவு மேலே பார்த்துத் திறக்கிற வண்டியைச் செய்தவன் ஐப்பசி மழையைப் பார்த்ததே இல்லை. ஜப்பான்காரன் வண்டியைச் செய்துவிட்டுத் தூங்கப் போவான், இத்தாலிக்காரன் வண்டியைச் செய்துவிட்டு அழுவான், ஜெர்மன்காரன் மறுபடி அளந்து பார்ப்பான். இப்படி அடுக்கிக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்கு ஆகாதது ஒன்று உண்டு. கல்யாணம் காதுகுத்துக்கு சூப்பர் காரை வாடகைக்கு எடுத்து, மாலை போட்டு, மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் உருட்டுகிறார்களே, அது. காற்று முகத்தில் அடித்தால்தான் அந்த இன்ஜின் குளிரும், அதைப் போய் ஊர்வலத்தில் விட்டால் உள்ளுக்குள்ளேயே வெந்து சாகும் என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் நிஜமான கோபம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தப் படத்தைக் காட்டினாலும் 'நல்லா இருக்கு' என்று அவர் முன்னால் சொல்லக் கூடாது. சின்ன வயதில் நான் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நல்லா இருக்குங்கிறது ஒரு பதிலா? என்ன நல்லா இருக்கு, எதனால நல்லா இருக்கு, அதச் சொல்லு. இல்லாட்டி நல்லா இல்லேன்னாச்சும் சொல்லு." அவருக்கு அந்த வார்த்தை பேச்சை முடித்து வைக்கிற வார்த்தை. நான் கணக்கு டீச்சர் ஆன பிறகு, விடையை மட்டும் எழுதி வழிமுறை எழுதாத பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் அண்ணன் குரல்தான் என் வாயில் வரும். ஆனால் குரூப்பில் போட்டுவிட்டு எனக்கும் தனியாக அனுப்புகிற அவருடைய வாய்ஸ் நோட்டை ஒழுங்காக உட்கார்ந்து நான் கேட்டதே கிடையாது. சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு, சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன். கேட்டியா என்று அவர் போன் பண்ணினால், கேட்டேண்ணே என்று சொல்லிவிடுவேன்.

எல்லாம் என் மகள் காதுகுத்தில் வந்து நின்றது. நான் வாழ்க்கைப்பட்டது கறம்பக்குடிப் பக்கம் ஒரு கிராமம். எதிர்வீட்டில் இருப்பது என் ஓர்ப்படியாள், வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தையைப் பார்ப்பது அப்புறம்தான், முதலில் பார்ப்பது தாய்மாமன் சீர் எப்படி வருகிறது என்பதை. பிறந்த வீட்டுக்கு ஊர் போடுகிற மார்க் அது. ஓர்ப்படியாள் மகனுக்குக் காது குத்தியபோது அவளுடைய அண்ணன் தம்பிகள் குதிரை பூட்டிய சாரட்டு வண்டியில், செண்டை மேளத்தோடு வந்து இறங்கினார்கள். அடுத்தது என் மகள் முறை. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது ஓர்ப்படியாள் சிரித்துக்கொண்டே கேட்டாள், ஒங்க அண்ணன் என்ன வண்டியில வாராரு, அவருதான் ஒலகத்துக் காரெல்லாம் தெரிஞ்சவராச்சே என்று. சும்மா கேட்டாளா, குத்திக் கேட்டாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் சுருக்கென்று இருந்தது. குடத்தை வைத்துவிட்டு நேராகப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? சாரட்டுக் கதையைச் சொன்னேன், அழுதேன், கடைசியில் இதையும் சொன்னேன்: "இத்தன வருசமாப் பேசுறீங்கள்ல. ஒருநாளாச்சும் ஒங்க கார் பைத்தியம் எனக்கு ஒதவட்டும்ண்ணே." என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே புரிந்துகொண்டார். அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டார் போல. பிறகு, சரி தங்கச்சி, பாக்குறேன் என்றார். எந்தக் காரியத்தை அவர் ஊருக்கே தப்பு என்று சொல்லி வந்தாரோ, அதையே அவரைச் செய்யச் சொன்னோமே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ஓர்ப்படியாள் முகம் எப்படிப் போகும் என்பது.

அதற்குப் பிறகு அவர் அதைத் தன்னுடைய வேலையாக எடுத்துக்கொண்டார். மதுரையில் ஒரு இத்தாலி சூப்பர் காரை வாடகைக்குப் பேசி முடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து, கறம்பக்குடியிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கிக் குச்சியை வைத்து அளந்து பார்த்தார். நம் பக்கத்து வேகத்தடைகளைப் பற்றித்தான் தெரியுமே. பாதி அரசாங்கம் போட்டது, மீதி ஊர்க்காரர்களே கோபத்தில் சிமெண்ட்டைக் குழைத்துக் கொட்டியது. அந்த வண்டி தரையிலிருந்து அரைச் சாண் உயரம்கூட இருக்காதாம், அடி உரசினால் போச்சாம். அதனால் ஆசாரியிடம் சொல்லி, சரிவாக இழைத்த இரண்டு பலகைகள் செய்தார். தடைக்கு முன்னால் பலகையைப் போட்டு ஏற்ற வேண்டும், அப்புறம் எடுத்து இறங்குகிற பக்கம் போட வேண்டும். காருக்குப் படிக்கட்டாண்ணே என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அந்தப் பங்குனி நாள் காலையில் கார் மதுரையிலிருந்து டிரைவரோடு வந்தது. அண்ணன் திருமயத்தில் காத்திருந்து, எல்லா வண்டிக்காரர்களும் நிற்கிற கோட்டை பைரவர் கோயிலில் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏறிக்கொண்டார். சீர்த்தட்டுகளும் பலகைகளும் பின்னால் ஒரு குட்டியானை லோடு வண்டியில் வந்தன. புதுக்கோட்டை தாண்டியாச்சு, கறம்பக்குடி தாண்டியாச்சு என்று எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடையிலும் குட்டியானையை நிறுத்தி, பலகையைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, ஒரு கீறல் இல்லாமல் அந்த வண்டியை எங்கள் ஊர் எல்லை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஊர் எல்லையில்தான் உளுந்து கிடந்தது. பங்குனியில் எங்கள் பக்கம் தார் ரோடுதான் களம். பறித்த உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துப் போகப் போக நெற்று உடைந்து உளுந்து உதிரும், ஆள் கூலி மிச்சம். எல்லா வண்டியும் அதன்மேல்தான் போகும், யாரும் யோசிப்பதில்லை. அண்ணன் யோசித்தார். வண்டியை நிறுத்தி எனக்குப் போன் செய்தார். அடி தாழ்ந்த வண்டி, சருகு உள்ளே போய்ச் சொருகிக்கொள்ளும், சைலன்சர் நெருப்பாகக் கொதிக்கிறது, செடியை ஓரமாக ஒதுக்கச் சொல்லு, இல்லாவிட்டால் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றி வருகிறேன் என்றார். இங்கே மேளக்காரர்கள் தயாராக நிற்கிறார்கள், நல்ல நேரம் போகிறது, தெரு முழுக்க ஜனம், எதிர்வாசலில் ஓர்ப்படியாள். "கண்மாய்க்கரை வழியா வந்தா யாருண்ணே பாப்பா? எல்லா வண்டியும் அதுமேலதான போகுது. நேரா வாங்க" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

வந்தது. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. தெருவே ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தது. மாலை போட்ட கார், உள்ளே டிரைவருக்குப் பக்கத்தில் மாலை போட்ட அண்ணன், மடியில் சீர்த்தட்டு. பையன்கள் ஓடி ஓடிப் படம் பிடித்தார்கள். ஓர்ப்படியாள் வாசற்படியை விட்டு இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டாள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் பொய் சொல்லி மறைக்க மாட்டேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. மேளத்துக்குப் பின்னால் வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பந்தலுக்கு முன்னால் வந்தபோது பின்பக்கத்திலிருந்து மெல்லப் புகை வந்தது. முதலில் யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் உளுந்துச் சருகு கருகுகிற வாசம். அண்ணன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார், மண்ணை அள்ளிப் போடச் சொல்லிக் கத்தினார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கையில் கிடைத்ததை எடுத்தார்கள். கிடைத்தது வந்தவர்களுக்காகக் கரைத்து வைத்திருந்த நீர்மோர் அண்டா. இரண்டு பேர் தூக்கி அப்படியே கொட்டினார்கள். பாதி வண்டி மேல், பாதி அண்ணன் மேல்.

நெருப்பு அணைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கு ஆன சேதம் பேசி எப்படியோ அடைபட்டது, அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அண்ணன் பம்புசெட்டில் தலையை நனைத்துவிட்டு வந்து, மணையில் உட்கார்ந்து, என் மகளை மடியில் வைத்துக் காது குத்தக் கொடுத்தார். குழந்தை அழுதபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கிட்டே போனால் மோர் புளித்த வாசம் வந்தது. வாடகைக் காரெல்லாம் ஆகாதென்று சொல்வீர்களே என்று யாரோ சொந்தக்காரர் இடித்துக் காட்டினார். பக்கத்தில் நான் நிற்கிறேன். அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எனக்குத்தான் ஆசை, ஒருநாள் ஏறிப் பாக்கணும்னு என்றார். நானும் பந்தி கவனிக்கப் போகிறவள் போல நகர்ந்துவிட்டேன்.

அந்த வீடியோ எங்கள் ஊர்ப் பையன் எவனோ எடுத்தது, சாயங்காலமே குரூப்புக்குப் போய்விட்டது. மாலையோடு, தலையில் மோர் வழிய, புகைகிற காருக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிற கார் அண்ணன். ஒரே இரவில் அவர் 'மோர் அண்ணன்' ஆகிவிட்டார். பையன்கள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் கிண்டல் அடித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாய்ஸ் நோட் வரவில்லை. படகு ஏதாவது பிடிபட்டதா என்று துபாயிலிருந்து ஒருவன் விசாரித்தானாம். படகெல்லாம் பத்திரமாகக் கரையில்தான் நின்றது. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அப்புறம் யாரோ ஒரு புதுக் காரின் படத்தைப் போட்டு, எப்படிண்ணே இருக்கு என்று கேட்டதற்கு, அவர் இரண்டே வார்த்தை தட்டிவிட்டார். 'நல்லா இருக்கு.' என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து சிரித்துக்கொண்டே எனக்கு இதைச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு எந்தப் படத்துக்கும் அதே பதில்தான். பேட்டரி காருக்கும் நல்லா இருக்கு, கதவு மேலே திறக்கிற காருக்கும் நல்லா இருக்கு. ஒரு மனுஷன் கோபமே இல்லாமல் போவதைப் பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நான்தான் கேட்டேன், நான்தான் நேரா வாங்க என்றேன் என்று அந்தக் குரூப்பில் ஒரு வரி எழுத வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஓர்ப்படியாள் காதுக்குப் போகும் என்று அதையும் செய்யவில்லை. பாருங்கள், அப்போதும் எனக்கு அவள் முகம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் அண்ணன் வந்தார். வழக்கம்போல ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவந்திருந்தார். கை கழுவக் கொல்லைக்குப் போனவர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு நின்றார். குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். இன்னொண்ணு குட்டியானையோடயே போயிருச்சு போல என்றார்.  மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, வந்தது வேறு.

"அண்ணே, அந்த வண்டி எப்படிண்ணே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார், உடனே, பழகிய வாயில்.

"நல்லா இருக்குங்கிறது ஒரு பதிலான்னு என்னையத் திட்டுவீங்கள்ல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். திருமயத்தில் தேங்காய் உடைத்த பிறகு அந்த டிரைவர் தம்பி, புதுக்கோட்டை வரைக்கும் நீங்களே ஓட்டுங்கண்ணே என்று சாவியைக் கொடுத்தானாம். அன்றைக்குக் கொஞ்ச தூரம் காரை ஓட்டியது அண்ணன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இரண்டு வருஷமாக அவர் சும்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேணாவிலக்கு தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்ததாம். அழுத்தினாராம். முதுகுக்குப் பின்னால் அந்த இன்ஜின் எழுந்தபோது, தன்னுடைய நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வருகிறதோ என்று இருந்ததாம். கியர் கம்பி கிடையாது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டுகிற இரண்டு தகடுகள்தான். அப்படியிருந்தும் வண்டி தன்னைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை, தான்தான் ஓட்டியதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது நுரைக் கையாலேயே காற்றில் இரண்டு விரலைத் தட்டிக் காட்டினார். பழைய குரல் வந்திருந்தது.

"சூப்பர் கார் பாக்குறவனுக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்ல தங்கச்சி? தப்பு. அது ஓட்டுறவனுக்கும்தான். அந்த ஞாயித்துக்கெழம இதத்தான் பேசணும்னு வச்சிருந்தேன். தம்பிகளா, இத்தன நாளா நான் சொன்னது தப்புன்னு ஆரம்பிக்கணும்னு இருந்தேன்."

"பேசிருக்கலாம்லண்ணே?"

"யாரு கேட்டா? எல்லாரும் மோரப் பத்தித்தான் கேட்டாங்க."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். கையைக் கழுவி, தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு, மீனை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். எல்லாரும் என்றால் அதில் நானும்தான். தீக்காயம் பட்டதா என்று கேட்டேன், டிரைவர் திட்டினானா என்று கேட்டேன், வீடியோவை அழிக்கச் சொல்லவா என்றுகூடக் கேட்டேன். வாழ்நாளெல்லாம் படத்தில் பார்த்துப் பேசியதை ஒரே ஒரு தடவை கையால் தொட்டவரிடம், எப்படி இருந்தது என்று இரண்டு வருஷமாக நான் கேட்கவில்லை.

அவர் பஸ் ஏறிப் போன பிறகு அன்று ராத்திரி நல்ல மழை. மறுநாள் காலையில் துணி வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கல்லைச் சுற்றி ஒரே சேறு. பலகை நனைந்து கருத்துக் கிடந்தது. நான் அதன்மேல் கால் வைக்காமல், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனேன்.